பெயர் தெரியாமல் தேடுவது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உங்கள் நூலகத்தின் அட்டைப் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றி முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? விசாரித்ததாகச் சொல்.

போன மாதம் நடந்ததை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. வானிலைக் கருவி பழுதான நாட்களில் விட்டுப்போன வெப்பநிலை அளவுகளை மதிப்பிட்டு நிரப்ப, நான்கு நாள் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, எங்கள் குழுவில் முன்பு இருந்த ஒருவர் அதையே இன்னும் நன்றாக எழுதி வைத்திருக்கிறார். கோப்பின் பெயர் 'சரிசெய்2'. 'வெப்பநிலை' என்று தேடியவனுக்கு அது எப்படிக் கிடைக்கும்? அவருடைய உழைப்பு எங்கள் கண்ணெதிரே இருந்தும் இல்லாமல் போனதே என்றுதான் வருத்தம்.

அப்போது கெப்ளர் நினைவுக்கு வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், சான்டா பார்பரா, சான் டியாகோ வளாகத்தினர் 2002-இல் கைகோத்து உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. பெர்க்லி வளாகத்தின் டாலமி II என்ற மென்பொருளின் மேல் எழுப்பியது. தரவைப் படிப்பது, கணக்கிடுவது, வரைபடம் போடுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கோட்டால் இணைத்தால் ஆய்வின் வேலை ஓட்டம் தயார். பெட்டிக்கு 'ஆக்டர்' என்று பெயர். எது எப்போது இயங்க வேண்டும் என்று சொல்வது 'டைரக்டர்'. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமே வேண்டாம்!

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படி. ஒரு பெட்டி தசம எண் தருகிறது, அடுத்தது தசம எண் கேட்கிறது. கணினியைப் பொறுத்தவரை பொருத்தம் சரி. ஆனால் வருவது வெப்பநிலை, கேட்பது மழையளவு என்றால்? பிழைச் செய்தியே இல்லாமல் தப்பான விடை வந்து நிற்கும். அதனால் எண்ணின் வகையோடு அதன் பொருளையும் குறித்து வைக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். துறைச் சொற்களை இது இதன் உள்வகை என்று கிளைகிளையாக அடுக்கி, ஆன்டாலஜி என்றார்கள். ஆக்டரை அந்தக் கிளைகளோடு கட்டிவிட்டால், 'புள்ளியியல்' என்று பொதுவாகத் தேடினாலும் அதன் கீழுள்ள எல்லாம் வரும். ஒரே ஆக்டர் இரண்டு மூன்று கிளைகளில் இருக்கலாம். புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான், அட்டைகள் எத்தனையும் இருக்கலாம் என்று நீ சொல்வாயே, அதேதான்.

உயிரியலில் இப்போது ஈடாம் என்ற சொல்தொகுதி இருக்கிறது. துறை, செயல், தரவு, கோப்பு வடிவம் என்று நான்கு பிரிவுகள். கேலக்ஸி என்ற ஆய்வு மென்பொருளில் கருவிகளை அதை வைத்தே வகைப்படுத்திப் பார்க்கலாம். அந்த நான்கையும் பார்த்ததும் எனக்கு உங்கள் நூலகத் துறையின் ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், பல முகங்களாகப் பிரித்து முக்காற்புள்ளியால் கோத்தவர். 1933-இல், சென்னையில்!

இதில் கடினம் மென்பொருளில் இல்லை என்றே நினைக்கிறேன். எழுதியவர் எழுதிய அன்றே குறிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவருக்கே மறந்துவிடும். ஆயிரம் சொல் கொண்ட மரத்தை நீட்டினால் யாரும் தொடமாட்டார்கள், நாற்பது சொல் இருந்தால் செய்வார்கள். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, என்ன அலகில் என்ற மூன்றையாவது விடக்கூடாது. எங்களிடம் இருக்கும் நிரல்களுக்கு இப்படிக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் குறிப்பு 'சரிசெய்2'-க்குத்தான்.

அப்புறம், உன் உதவி வேண்டும். ஒருவர் 'மழை' என்கிறார், ஒருவர் 'மழைப்பொழிவு' என்கிறார், இன்னொருவர் 'மழையளவு' என்கிறார். நீங்கள் 'காண்க' என்று அட்டை போட்டு ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவீர்களே, எந்தச் சொல்லைத் தலைச்சொல்லாக வைப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் விடுதித் தோழன்