நெடுங்கேணிக் காணிக்கு ஒரு வேலி

விசுவமடு,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. நெடுங்கேணிக் காணி கடைசியில் உன் கைக்கே திரும்பிவிட்டது என்று வாசித்ததும் மனிசியைக் கூப்பிட்டு, திரும்பவும் முதலில் இருந்து உரக்க வாசித்துக் காட்டினேன். அவவுக்கும் பெரிய சந்தோசம். "கிணறு தூர்ந்து போகாமல் இருக்குதோ எண்டு எழுதிக் கேளுங்கோ" என்றா. கேட்டிருக்கிறா, பதில் எழுது.

இங்கே எல்லோரும் சுகம். சிறுபோகம் பரவாயில்லை, வாய்க்கால் தண்ணீர் கடைசிவரை வந்தது. மகள் பரந்தனில் இருக்கிறாள், பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். மனிசிக்கு முழங்கால் நோ விட்டபாடில்லை. மற்றபடி குறையில்லை.

சரி, வேலிக் கதைக்கு வருவோம். பக்கத்துக் காணிக்காரர் ஆறடிக்கு ஒரு தூண் நட்டு, முள்ளுக்கம்பி நெருக்கமாக அடிக்கச் சொல்கிறார், செலவை நினைக்கத் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொரு வரி. முள்ளுக்கம்பியைக் கையால் தொடவே மனம் வருகுதில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை என்று. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் எடுத்தது. வன்னிப் போர் முடிந்த 2009இல், செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் நின்று, யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டது எனக்கும் மறக்கவில்லை. உன் சொந்தக் காணியில் விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் அதே கம்பி கண்ணில் படவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மச்சான். முள் இல்லாமலே மாடு நுழையாத வேலி அடைக்கலாம். அதைத்தான் இந்தக் கடிதத்தில் விவரமாக எழுதப் போகிறேன்.

கம்பியில் முள் ஏன் வந்தது என்று யோசித்துப் பார். அமெரிக்காவின் இலினோயில் யோசப் கிளிடன் என்ற விவசாயி 1874இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். மரமும் கல்லும் கிடைக்காத புல்வெளி நாடு அது, கம்பியை விட்டால் வேலிக்கு வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்து வெறும் கம்பியோ வெயிலுக்குத் தொய்யும், குளிருக்கு அறும், மாடு சாய்ந்து நின்றாலே வளைந்து கொடுக்கும். கம்பிக்குப் பலம் போதாததால் முள்ளை வைத்தார்கள். இன்றைக்கு உயர் இழுவிசைக் கம்பி என்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பண்ணைகளுக்கு அதைத்தான் இழுக்கிறார்கள். எங்கள் பக்கம் யானை வேலிக்குக் கட்டுகிற வழுவழுப்பான, துத்தநாகம் பூசிய கம்பியிலும் அந்த வகை உண்டு. வவுனியாவில் பெரிய இரும்புக் கடைகளில் கேட்டுப் பார். 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி அறுவதற்கு 500 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். அதே தடிப்பில் சாதாரணக் கம்பி அதில் பாதி வரைக்கும்தான் தாங்கும். அதோடு ஒருதரம் நீண்டால் நீண்டபடியே தொங்கும். இது இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

ஆனால் முள்ளை எடுத்துவிட்டால் வேலியின் பலம் முழுக்க இழுவையில்தான் தங்கியிருக்கும். இழுவை நிற்பது மூலைத் தூணில். ஆகவே உன் காசையும் கவனத்தையும் மூலையில் போடு. வேலி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை நிரை, எத்தனை தூண் என்றுதான் எண்ணுகிறார்கள். நான் முதலில் மூலைக்குப் போய்த் தூணின் அடியைப் பார்ப்பேன். அடியில் மண் வெடித்துத் தூண் ஒரு விரலளவு மேலே எழும்பியிருந்தால், இடையில் எத்தனை தூண் நட்டிருந்தாலும் அந்த வேலி அடுத்த மாரி தாண்டாது.

கணக்கைச் சொல்கிறேன், கேள். ஆறு நிரை கம்பி, நிலத்திலிருந்து 5, 11, 18, 26, 36, 48 அங்குல உயரங்களில். கீழே நெருக்கம், ஆட்டுக்கும் கன்றுக்கும். மேலே அகலம், மாட்டுக்கு அது போதும். ஒரு கம்பிக்கு 100 கிலோ இழுவை என்று வைத்தால் மூலைத் தூணை 600 கிலோ இழுக்கிறது, சராசரியாக இரண்டடி உயரத்தில். தனித் தூண் எவ்வளவு ஆழமாக நின்றாலும் இதற்குச் சாயத்தான் செய்யும். அதனால் மூலையில் ஒரு தூண், அதிலிருந்து வேலி ஓடுகிற வழியில் எட்டடி தள்ளி இன்னொரு தூண், இரண்டுக்கும் மேலே குறுக்கே ஒரு சட்டம். சட்டத்துக்கு இரண்டு அங்குல இரும்புக் குழாய் நல்லது, வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் அதுவும் சரி. பிறகு மூலைத் தூணின் அடியிலிருந்து இரண்டாம் தூணின் தலைக்குக் கம்பியை இரட்டையாகச் சுற்றி, நடுவில் ஒரு கம்பித் துண்டைக் கொடுத்து முறுக்கி இறுக்கவேண்டும். திசை முக்கியம், மச்சான். மூலைத் தூணின் தலையிலிருந்து இரண்டாம் தூணின் அடிக்குக் கட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை. வேலி இழுக்கும்போது மூலைத் தூண் சட்டத்தைத் தள்ளும், சட்டம் இரண்டாம் தூணின் தலையைத் தள்ளும், அந்தத் தலையைப் பின்னுக்குப் பிடித்து வைத்திருக்கிற வேலை அந்தச் சாய்கம்பிக்கு.

எட்டடி ஏன் என்று கேட்பாய். வேலி உயரம் நாலடி, அதைப்போல இரண்டு மடங்கு. இந்தக் கட்டமைப்பில் மூலைத் தூணை மண்ணிலிருந்து மேலே தூக்குகிற விசை ஒன்று வருகிறது. எட்டடி இடைவெளியில் அது ஏறக்குறைய 150 கிலோ. நாலடியாகக் குறைத்தால் 300 கிலோ. ஆறு அங்குலச் சதுரத்தில் எட்டடி நீளக் கொங்கிறீட் தூணின் எடையே ஏறக்குறைய 135 கிலோ, மூன்றரை அடி மண்ணுக்குள் இறுகியிருந்தால் 150க்கு அசையாது. எங்கள் ஊரில் வழமையாகச் சாய்வு முண்டு கொடுத்து நிறுத்துகிற தூண் எழும்பிப் போவதும் இதனால்தான். முண்டைக் குட்டையாக, செங்குத்தாக வைக்கிறார்கள், அது தூணைத் தாங்காமல் கிளப்பி விடுகிறது. மூலை என்றால் இரண்டு பக்கமும் கம்பி ஓடும், ஆகவே இரண்டு திசைக்கும் இந்தக் கட்டமைப்பு வேண்டும்.

செலவைப் பற்றிப் பயப்படாதே. மூன்று ஏக்கர் சதுரக் காணி என்றால் ஒரு பக்கம் 110 மீற்றர், சுற்றளவு 440 மீற்றர். பக்கத்துக் காணிக்காரர் சொன்னபடி ஆறடிக்கு ஒன்று என்றால் 240 தூண். இறுக்கமான கம்பிக்குப் பதினைந்தடிக்கு ஒன்று போதும், 100 தூண் அளவில் முடியும். இடையில் ஐந்தடிக்கு ஒரு பனஞ்சலாகையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் நிரைகள் விலகாது, அதற்குக் குழி தேவையில்லை. ஆறு நிரைக்கும் கம்பி மொத்தம் 100 கிலோ அளவில் வரும். முள்ளுக்கம்பி இரட்டைப் பின்னல், அதே தடிப்பில் எடுத்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல். மிச்சம் பிடிப்பதை எல்லாம் மூலைத் தூணில் போடு.

தூண் வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்கு. கடல் மண்ணில் வார்த்த தூணுக்குள் உப்பு இருக்கும், உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதி, தூணின் விளிம்பு நீளத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு விட்டு வெடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் இப்படி வெடித்து, உள்ளேயிருக்கும் கம்பி வெளியே தெரிகிற தூண்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆற்று மண்ணில் வார்த்து, ஒரு கிழமையாவது ஈரச்சாக்குப் போட்டு வைத்தார்களா என்று கேள். முடிந்தால் உன் வளவிலேயே வார்ப்பித்துக்கொள்.

குழிக்கு அவசரப்படாதே. உங்கள் பக்கத்துச் செம்மண் இப்போது அலவாங்கு இறங்காத இறுக்கம். ஐப்பசியில் முதல் மழை விழுந்து இரண்டு மூன்று நாள் கழியத் தோண்டு. தூணை நிறுத்திய பிறகு மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடிக்கு அரையடி போட்டு, கிறவல் கலந்து, அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் இடி. இடை தூண்களுக்குச் சீமெந்து தேவையேயில்லை, நன்றாக இடித்த மண்ணே போதும். அப்புறம் ஒன்று, கண்ணிவெடி அகற்றி முடிந்த காணி என்று கடிதம் தந்திருப்பார்கள், இருந்தாலும் தோண்டும்போது அலவாங்கில் இரும்புச் சத்தம் கேட்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்து. நீயே கிண்டிப் பார்க்காதே. கூலிக்கு வருகிற பெடியளுக்கும் முதல் நாளே சொல்லி வை.

கம்பியை உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்க விடாதே. எவ்வளவு இழுபடுகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, அறுந்தால் சாட்டையாய் வந்து முகத்தில் அடிக்கும். கை இழுவைக் கருவியால் மெதுவாக இழு, ஒவ்வொரு நிரைக்கும் நடுவில் இறுக்கும் சக்கரம் ஒன்று பொருத்து, கண்ணாடி போட்டுக்கொள். 110 மீற்றர்க் கம்பி இராக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையில் மூன்று சென்ரிமீற்றர் அளவில் நீண்டு சுருங்கும், இழுவையில் அது 30 கிலோ கூடிக் குறையும். 100 கிலோவுக்கு இழுத்த கம்பி மத்தியானத்திலும் 70 கிலோவில் விறைப்பாக நிற்கும். தொய்வாகக் கட்டிய கம்பிக்கு மத்தியானத்தில் ஒன்றும் மிஞ்சாது, கட்டாக்காலி மாடுகள் அதைத்தான் கண்டுபிடிக்கும். கம்பியைத் தூணின் வெளிப்பக்கமாகக் கட்டு, மாடு முட்டினால் கம்பி தூணோடு ஒட்டும், கட்டு விடுபடாது.

காட்டுப் பக்கம் மட்டும் வேறு கதை. பன்றி கம்பிக்குக் கீழால் கிண்டி, மூக்கால் கிளப்பிக்கொண்டு நுழையும். அந்தப் பக்கத்துக்கு மூன்றரை அடி அகலப் பின்னல் வலை வாங்கி, இரண்டரை அடியை வேலியோடு நிறுத்தி, மிச்ச ஓரடியை வெளிப்பக்கம் நிலத்தில் மடித்துப் படுக்கவிட்டுக் கல் வை. வேலியடியில் கிண்ட வருகிற பன்றி வலையின் மேலேயே நிற்கும். புல் முளைத்து மூடிவிட்டால் பிறகு கிளப்பவும் முடியாது. குளத்து வாய்க்கால் உன் காணியை வெட்டிப் போகிற இடத்தில் வேலியைத் தொடராதே. அந்தத் துண்டைத் தனியாக, மெல்லிய கட்டுக்கம்பியால் தொங்கவிடு. மார்கழி வெள்ளம் குப்பையோடு வந்தால் அது மட்டும் பிய்ந்து போகட்டும், முழு வேலியும் இழுபடத் தேவையில்லை.

யானைக்கு இந்த வேலி நில் என்று சொல்லாது. குரங்குக்கும் மயிலுக்கும் எந்த வேலியும் சொல்லாது. அதற்காக யாரும் வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுக்கச் சொன்னால், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், செய்யாதே. யானை வேலிக் கருவி விநாடிக்கு ஒருதரம், கண் இமைக்கிறதை விடக் குறைந்த நேரம் அடித்துவிட்டு ஓய்கிறது, தொட்டவர் கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். வீட்டு 230 வோல்ற் ஓயாது, பிடித்த கையை விடவும் விடாது. யானையும் சாகும், இருட்டில் மாடு தேடி வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாகும். யானைத் தொல்லை கூடினால் வயல்காரர் எல்லோரும் சேர்ந்து, விதைத்த பிறகு போட்டு அறுவடைக்குப் பிறகு கழற்றுகிற மின்வேலியைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்தோடு கதையுங்கள். தனியாளாய்ச் செய்கிற காரியம் இல்லை அது.

றோட்டுப் பக்கம் கம்பியோடு கதியாலும், அதாவது வேர் பிடித்துத் துளிர்க்கிற கொம்புகளும், நடு. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை எது கிடைத்தாலும் சரி, முதல் மழையோடு ஒன்றரை அடிக்கு ஒன்று. ஆட்டுக்கு இலை, வயலுக்குத் தழை, கண்ணுக்கும் பச்சை. ஆனால் கம்பியைக் கதியாலில் ஆணி அடித்துப் பொருத்தாதே. என் பின்வளவில் முன்பிருந்தவர் அடித்துவிட்டுப் போன பூவரசில் கம்பி இப்போது அடிமரத்தின் நடுவே போகிறது. பட்டை இரண்டு உதடாய் மூடி, ஆணித்தலை எங்கே என்றே தெரியவில்லை, அறுக்க வந்தவரின் வாளில் இரண்டு பல் போனதுதான் மிச்சம். தூண் தனியே, கதியால் தனியே நிற்கட்டும்.

படலைக்குப் பதினாறு அடி விடு, வெட்டுமெசின் வர வேண்டும். படலைத் தூணில் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டாதே, தூண் கொஞ்சம் அசைந்தாலும் கொண்டி பொருந்தாது. குளத்தடிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை உன் காணிக்குள்ளால்தானே போனது? அந்த இடத்தில் பழையபடி ஒரு கண்டாயம் வைத்துவிடு. ஆள் போகலாம், மாடு போகாது. உன் அப்பா இருந்த காலத்தில் ஊரே அதால் நடந்தது, அதை நீ அடைத்தால் எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

முதலில் நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைக் கண்டுபிடி. நாலு பக்க நீளத்தையும், காட்டுப் பக்கம் எது, வாய்க்கால் எங்கே வெட்டுகிறது என்பதையும் ஒரு தாளில் கீறி அனுப்பு, தூண் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். காலபோக விதைப்பு முடிந்ததும் என் கை இழுவையோடு பஸ் ஏறி வருகிறேன், நாலு மூலையையும் நாங்கள் இரண்டு பேருமே நின்று நிறுத்துவோம். கிணற்றைப் பற்றி எழுத மறக்காதே, மனிசி கேட்டுக்கொண்டே இருக்கிறா. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய தோழன்