உளியின் கூர் படத்திலும் தெரியட்டும்

ஆசிரியருக்கு,

வாரமலர்களில் வரும் மரவேலைப் படங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். உளி இருக்கும், கூர் தெரியாது. மரம் இழைக்கும் சீவுளி இருக்கும், அலகு எட்டிப்பார்க்கும் இடுக்கு இருண்டு கிடக்கும். முன்னாலிருந்து பிளாஷ் அடிப்பதால் வரும் வினை இது.

தீட்டிய உருக்கு தனக்கு எதிரே இருப்பதையே காட்டும்: கூரை, கதவு, படம் எடுப்பவரின் சட்டை. ஆகவே அதற்கு எதிரே வைக்கும் பொருளை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு வெள்ளை பிறிஸ்டல் போட் போதும். உளியின் சாய்ந்த முகத்தை மேலே வைத்து, கமராவுக்கூடாகப் பார்த்தபடியே அட்டையை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் அந்த முகம் மட்டும் பளிச்சென்று வெளிக்கும், தண்டு கறுத்தே நிற்கும். அங்கேயே எடுத்துவிட்டால் வெறும் வெள்ளைப் பட்டைதான் கிடைக்கும். அட்டையை இன்னும் ஒரு விரற்கடை விலக்கி, அதன் ஓரம் முகத்தில் விழச் செய்தால் வெள்ளை சாம்பலாக மங்கும், சாணைக்கல் கீறிய கோடுகளும் தெரியும்.

மரத்துக்கு முறை வேறு. வெளிச்சம் பலகையைத் தடவிக்கொண்டு, 15 முதல் 20 பாகை சரிவில் பக்கவாட்டாக வர வேண்டும். சீவுளி பிய்த்த இடமும் அலகு விட்ட வரம்பும் அப்போதுதான் நிழல் கட்டும். முதிரை போன்ற மினுங்கும் மரமென்றால் பலகையையே சுற்றிப் பாருங்கள். வைக்கும் பக்கத்தைப் பொறுத்து அதன் நிறமே மாறும்.

மேல்நாட்டுப் புத்தகங்கள் நேர் வெயில் விழாத வடக்கு யன்னலைச் சொல்லும். நமக்கு அது ஆண்டு முழுவதும் சரிவராது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், அல்லது வெயில் விழாத விறாந்தைக்குப் போங்கள். மின்விளக்கை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமுமாக வரும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

கைபேசியைக் கிட்டக் கொண்டுபோனால் சீவுளியின் முன்புறம் ஊதிப் பெருத்துவிடும். ஒரு மீற்றர் தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கமரா என்றால் ஸ்ராண்டில் பூட்டி, துவார அளவு எப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கை பட்டு அசையாதிருக்க 2 செக்கன் ரைமர்.

எடுக்குமுன் கருவியைக் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய் பூசினால் பொய் மினுக்கம் வரும். எடுத்து முடிந்ததும் தையல் மெசின் எண்ணெயை மெல்லிதாகப் பூசியே தீரவேண்டும். உப்புக் காற்றோடு விரல் ஈரமும் சேர்ந்தால், தொட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும்.

பத்திரிகைத் தாளில் மை ஊறுவதால் நிழல்கள் அடைபட்டுப்போகும். அச்சுக்கு அனுப்புபவர்கள் கறுப்புத் துணியைத் தவிர்த்து, இளஞ்சாம்பல் துணியில் வைத்துச் சற்று வெளிச்சமாகவே எடுப்பது நல்லது. கருவியின் அருகே ஓர் அடிமட்டமும் வையுங்கள். அரையங்குல உளியா ஓரங்குல உளியா என்பதை வேறெப்படி அறிவது? பக்கம் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அழகில்லை என்று அந்த அடிமட்டத்தை வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மரவேலை ஆர்வலர்,
யாழ்ப்பாணம்.