மட்ஸ்கெத்தாவுக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜியா நாட்டுச் சுற்றுலா குறித்துத் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தலைநகர் திபிலீசியின் பழைய வீதிகளையும் காஸ்பெகி மலையையும் விரிவாக எழுதியவர், மட்ஸ்கெத்தா என்ற சிற்றூரை ஒரே வரியில் கடந்து போனது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து திபிலீசிக்குப் போகும் பெற்றோர்களில் நானும் ஒருத்தி. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், பத்தாயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊரை நம்மவர்கள் பார்க்கும் விதம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பலர் மட்ஸ்கெத்தா, அனனூரி கோட்டை, குடவுரி, காஸ்பெகி ஆகிய நான்கையும் ஒரே பகலில் அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் முதலில் போன வேனிலும் அப்படித்தான் நடந்தது. மட்ஸ்கெத்தாவின் பேராலய வாசலில் இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு முதல் கிறிஸ்துவுக்குப் பின் 5ஆம் நூற்றாண்டு வரை ஐபீரியா என்று அழைக்கப்பட்ட கிழக்கு ஜார்ஜிய அரசின் தலைநகராக விளங்கிய ஊருக்கு நாம் தரும் மரியாதை இவ்வளவுதானா?

இந்த ஊர் ஏன் இங்கே எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள, எதிர்க் கரையிலுள்ள குன்றின் மேல் நிற்கும் ஜ்வாரி ஆலயத்துக்கு முதலில் போக வேண்டும். துருக்கியில் பிறந்து காஸ்பியன் கடலை நோக்கி ஓடும் குரா ஆறும், வடக்கே காகசஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கி வரும் அரக்வி ஆறும் கலக்குமிடம் அங்கிருந்து அப்படியே தெரியும். ஒன்று கலங்கலாகவும் மற்றது தெளிவாகவும் வந்து, சற்றுத் தூரம் வரை நிறம் மாறாமல் அருகருகே ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். கிழக்கு மேற்காகச் செல்லும் வணிகப் பாதை ஓர் ஆற்றையும், வடக்கே மலைக் கணவாய்க்குச் செல்லும் பாதை மற்றோர் ஆற்றையும் ஒட்டி அமைந்திருந்ததால், இந்த முனையைப் பிடித்தவர் நாட்டையே பிடித்தவராக இருந்தார். ரோமானியத் தளபதி பாம்பேயும் கி.மு. 65இல் படையோடு இங்கு வந்தார்.

6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஜ்வாரி, அளவில் சிறியதுதான். நான்கு புறமும் அரைவட்டமாக வளைந்த சுவர்களின் மேல், உள்ளே தனித்தூண் ஒன்றுகூட இல்லாமல், குவிமாடம் அமர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் காகசஸ் பகுதியில் எழுந்த பல ஆலயங்களுக்கு இந்த அமைப்பே முன்மாதிரியாயிற்று. நடுவில் எண்கோணப் பீடமும் அதன் மேல் மரச்சிலுவையும் மட்டுமே இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோ இக்குன்றின் மேல் சிலுவை நாட்டினார் என்பது மரபு. வெளியே காற்று ஓயாமல் வீசுகிறது. அந்தக் காற்றும் மழையும் கீழ்த்திசைச் சுவரின் சிற்பங்களை அரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க வேதனையாக இருந்தது.

ஊருக்குள் மதில் சூழ நிற்கும் ஸ்வெடிட்ஸ்கோவேலி பேராலயத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். புனித நினோவின் போதனையால் மனம் மாறிய மன்னன் மிரியான் எழுப்பிய முதல் தேவாலயமும், 5ஆம் நூற்றாண்டில் மன்னன் வக்தாங் கொர்கசாலி கட்டிய பெருங்கோயிலும் இருந்த அதே இடத்தில், 1010 முதல் 1029 வரை தலைமைக் குரு மெல்கிசெதேக் காலத்தில் இப்போதுள்ள கட்டடம் எழுந்தது. கிறிஸ்துவின் அங்கி இங்கேதான் புதைக்கப்பட்டது என்று ஜார்ஜிய மக்கள் உறுதியாக நம்புகிறார்கள். தலைநகரம் திபிலீசிக்கு மாறிய பின்னரும் அரசர்கள் முடிசூடவும் அடக்கம் செய்யப்படவும் இவ்வூருக்கே வந்தார்கள். வக்தாங்கின் கல்லறையும், ரஷ்யாவோடு 1783இல் உடன்படிக்கை செய்துகொண்ட இரண்டாம் எரெக்லேயின் கல்லறையும் உள்ளே தரையோடு தரையாக இருக்கின்றன. கூட்டத்தோடு ஓடுகிறவர்கள் அவற்றின் மேலேயே நடந்து போய்விடுகிறார்கள்.

ஆலயத்தின் வடக்குச் சுவரைத் தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள். உயரே, மூலைமட்டம் ஏந்திய ஒரு வலக்கை செதுக்கப்பட்டிருக்கிறது. இறைவனின் அடிமையாகிய அர்சுகிட்ஸேயின் கை இது, அவனுக்கு மன்னிப்புக் கிடைக்கட்டும் என்று அருகில் ஒரு வாசகம் இருக்கிறது; இந்த ஆலயத்தைக் கட்டிய கலைஞன் அவன். இதுபோன்ற இன்னொன்றை வேறெங்கும் கட்ட முடியாதபடி மன்னன் அவன் கையை வெட்டினான் என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தாஜ்மகாலைப் பற்றியும் இப்படியொரு கதை உலவுவதை நாம் அறிவோம். கல்வெட்டில் அப்படி எதுவும் இல்லை. கிழக்குச் சுவரிலுள்ள மற்றொரு கல்வெட்டு, தான் எழுப்பிய ஆலயம் நிறைவு பெறுவதை அர்சுகிட்ஸே உயிரோடிருந்து பார்க்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. வெட்டப்பட்ட கையின் கதையைவிட இந்த உண்மைதான் என் மனத்தை அதிகம் உலுக்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் பெயரையும் தன் கருவியையும் கல்லில் விட்டுச்சென்ற ஒரு கட்டடக் கலைஞனின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கக்கூட நமக்கு நேரமில்லை என்றால், அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போவதில் என்ன பயன்?

ஜ்வாரி, ஸ்வெடிட்ஸ்கோவேலி ஆகிய இவ்விரண்டும், மிரியானும் அரசி நானாவும் அடக்கம் செய்யப்பட்டுள்ள சம்தாவ்ரோ கன்னியர் மடமும் 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கற்களும் சுவரோவியங்களும் சிதைவதாலும், சுற்றியுள்ள நிலங்களின் நிர்வாகம் சரியில்லை என்ற கவலையாலும் 2009இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, நிலைமை சீரான பின் 2016இல் அதிலிருந்து நீக்கப்பட்டன. அக்கறையுள்ள பயணிகளின் வருகையும் இத்தகைய ஊர்களுக்குப் பாதுகாப்புதான்.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. இவை இன்றும் வழிபாடு நடக்கும் தலங்கள். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும்; கால்சட்டை அணிந்து வருகிற பெண்களுக்கு வாசலிலேயே சுற்றிக்கொள்ளத் துணி தருகிறார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்ப்பது நல்லது. வழிபாட்டின்போது மக்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள்; இசைக்கருவி எதுவும் இல்லாமல், பல குரல்கள் தனித்தனியே பிரிந்தும் சேர்ந்தும் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு பாடகர்களின் முன்னால் போய் நின்ற நம்மூர்க் கூட்டமொன்றைக் கண்டு நான் தலைகுனிந்தேன். நம் கோயில் கருவறையின் முன் பிறர் அப்படி நடந்தால் நாம் பொறுப்போமா?

வாடகை வண்டியோ வழிகாட்டியோ இல்லாமலும் அங்கே போகலாம். திபிலீசியின் திதுபே பேருந்து நிலையத்திலிருந்து சிறு வேன்கள் மட்ஸ்கெத்தாவுக்குச் செல்கின்றன. ஜ்வாரிக்கு மட்டும் ஊரிலிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். பேராலயத்துக்கு வெளியே உள்ள கடைகளில் மெழுகுவர்த்திகளைப் போல வரிசையாகத் தொங்கும் சுர்ச்கேலாவை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். நூலில் கோத்த வால்நட் பருப்பை, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் பலமுறை முக்கி உலர்த்திய பண்டம் அது, சைவ உணவுக்காரர்களுக்கும் ஏற்றது.

ஆகவே, சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் மட்ஸ்கெத்தாவைக் காஸ்பெகி பயணத்திலிருந்து பிரித்து, ஒரு முழுப் பகலை அதற்கென ஒதுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் வரலாறு அறிந்த ஒருவரைக் கொண்டு இவ்வூரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, கல்லூரி விடுமுறைக்காகப் பெற்றோர்கள் பயணச்சீட்டு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி.