கொடைக்கானல் ஏரியின் மண்கரைக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது ஏரியைத்தான். மிதிபடகுக்குச் சீட்டு வாங்கி, குதிரைக்காரரிடம் பேரம் பேசி, 5 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை மிதிவண்டியில் வலம்வந்து, சுட்ட சோளத்தின் சூடு ஆறுமுன் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இது தானாக அமைந்த ஏரி என்றே அவர்களில் பலர் நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863இல் ஓடைநீரை மறித்துக் கரை போட்டதால்தான் நட்சத்திர வடிவில் ஏறத்தாழ 60 ஏக்கர் நீர் இங்கே தேங்கி நிற்கிறது. மிஞ்சிய நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது.

அந்தக் கரைக்கு இப்போது 160 வயதுக்கு மேல் ஆகிறது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற நீர் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறதா என்பதே கேள்வி. சென்ற மழைக்காலத்தில் எங்கள் குழுவினர் கரையின் வெளிச்சரிவில் ஊறிய நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பார்த்தோம். அடியில் வண்டல் படியவில்லை என்பது ஆறுதல். ஆனால் புட்டி காட்டுவது அவ்வளவுதான். மரவேர் மக்கிய பொந்தும் எலி வளையும் கரைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதை அது சொல்லாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், செல்வந்தர்களின் மன்றம் ஒன்று மீன்பிடிக்கவும் படகு விடவும் வைத்திருந்த மலை ஏரியின் மண் அணை 1889 மே 31 அன்று பெருமழையில் உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர். வண்டிகள் செல்ல வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். மீன்கள் தப்பாதிருக்க, உபரிநீர் வெளியேறும் வழியான மறுகாலில் போட்டிருந்த வலையைக் குப்பை அடைத்துக்கொண்டது. நீரை வடிக்கும் குழாய்களோ முன்பே அகற்றப்பட்டிருந்தன. அது நம் ஏரியைவிட மிகப் பெரியது, ஆகவே யாரும் பீதியடைய வேண்டாம். ஆயினும் உல்லாச ஏரிகளில் கரையைவிடப் படகுக்கே கவனம் போகும் என்பது எங்கள் அனுபவமும்தான்.

திரட்டும் தொகையில் முதற்செலவு, அணைப் பொறியாளர்களைக் கொண்டு கரையைத் துளையிட்டு மண்ணைச் சோதிப்பதும், கரைக்குள் நீர்மட்டம் காட்டும் குழாய்களைப் பதிப்பதும். உரிய அனுமதி பெற்ற பின்னரே பணி தொடங்கும். மறுகாலைத் தூர்வாருதல், சரிவில் புல் பதித்தல், வடிகால் அமைத்தல் ஆகியவை அவர்களின் அறிக்கையைப் பொறுத்தவை என்பதால், மொத்த மதிப்பீட்டை இப்போதே சொல்லி உங்களை மயக்க விரும்பவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சோதனையேனும் முடிந்துவிட வேண்டும்.

ஊர்க் கண்மாய்க்குக் குடிமராமத்து செய்த வழக்கம் நமக்குப் புதிதன்று. ஏரியால் பிழைக்கும் விடுதியார், கடைக்காரர், படகோட்டிகளும், ஆண்டுக்கொரு முறை வந்து மகிழும் வெளியூர் அன்பர்களும் இயன்றதைத் தர வேண்டுகிறோம். நூறு ரூபாயும் வரவில் ஏறும். பணம் தர இயலாதோர் புதர் வெட்டும் நாளில் அரிவாளோடு வரலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பொதுவில் ஒட்டப்படும். எண்ணிட்ட ரசீது இல்லாமல் எவர் கேட்டாலும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பராமரிப்புக் குழுவினர்