சட்டாம்பிள்ளைக்கு விருது
சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பா,

பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்ததற்காக உனக்கு விருது கிடைத்த சேதியைத் தம்பி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) காட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன். பெற்றவனுக்கு முதலில் சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை பார். சரி, போகட்டும்.

உன் அம்மாவுக்கு வேறு குழப்பம். ‘டீச்சிங் அசிஸ்டன்ட்’ என்று தம்பி வாசித்ததும், “அசிஸ்டன்ட்னா சின்னதொரையா?” என்று தோட்டத்துத் துணை மேலாளரை நினைத்துக் கேட்டாள். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் வளர்ந்தவளுக்கு அசிஸ்டன்ட் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, நிறை நிறையாகப் போய், மரத்தில் காயம் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் திட்டுகிறவர்தான். நான் விளக்கினேன். பேராசிரியர் பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு விரிவுரை நடத்திவிட்டுப் போய்விடுவார். பிறகு பிள்ளைகள் சின்னச் சின்னக் குழுவாக டுட்டோரியலுக்கு வருவார்கள். அவர்களைக் கணக்குப் போட வைப்பது, தாள் திருத்துவது, சந்தேகம் என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நம் பாப்பா மாதிரிப் பிள்ளைகள்தான் என்றேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டவள், “அப்ப சட்டாம்பிள்ளைன்னு சொல்லுங்க” என்றாள்.

வாத்தியாருக்குப் பதில் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மூத்த மாணவன்தானே சட்டாம்பிள்ளை; அதைவிடச் சரியான சொல் எனக்கும் கிடைக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒரு கதை உடனே நினைவுக்கு வந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்று ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாரின் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை எங்கோ பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். வாத்தியார்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு நீ சொல்லிக்கொடு என்று விட்டார். அது நன்றாக நடந்தது. 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று ஊர் உலகமெல்லாம் பேர். நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்கு முன்பே சட்டாம்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு யார் விருது கொடுத்தார்கள்?

இங்கே மலாயாவிலும் அப்படித்தான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923இல் சட்டம் வந்தது. பள்ளி வந்தது, வாத்தியார் எங்கே? தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியும், ஆட்களை மேய்க்கும் கங்காணியும் வேலை நேரம் போக வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் எத்தனையோ. என் காலத்திலும் ஒரே கொட்டகையில் இரண்டு வகுப்பு நடக்கும். ஆறாம் வகுப்பில் நான் இருந்தபோது இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த ருசியில்தான் வாத்தியார் வேலைக்கே வந்தேன்.

வந்தும் என்ன? தற்காலிக ஆசிரியராக நான்கு வருடம் ஒரு பள்ளியில் அரசுத் தேர்வு எழுதும் சோதனை வகுப்பைக் கட்டி இழுத்தேன். தேர்ச்சி உயர்ந்த வருடம் மாலை வேறொருவர் கழுத்தில் விழுந்தது. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது என்றால் நீ சிரிப்பாய். சிரி.

அதனால்தான் “சின்ன விருதுப்பா, ஆராய்ச்சிக் கணக்கில் சேராது” என்று பிறகு நீ போனில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பாடம் நடத்துவதில் நேரத்தை விடாதே என்று உன் பேராசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலைக்கு எடுக்கிறவர்கள் கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள். ஆய்வேட்டை இழுத்தடிக்காதே. ஆனால் இந்த விருதுக்கு உன் பேரை எழுதிக் கொடுத்தது யார்? உன்னிடம் படித்த பிள்ளைகள். மதிப்பெண் வாங்கி முடித்த பிறகு, உன்னால் இனி ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை என்ற நிலையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த விருதெல்லாம் மேலே இருந்து வந்தவை, தலைமையாசிரியர் பேனாவிலிருந்து.

ஒரு பெண் எழுதியிருந்ததைத் தம்பி மொழிபெயர்த்துச் சொன்னான்: விடையைச் சொல்லவே மாட்டார், தப்பு எங்கே என்று நானே பிடிக்கும்வரை விடமாட்டார். கேட்டதும் நம் வீட்டு ஐந்தடி, அந்த முன்தாழ்வாரம், கண்ணில் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுப் பையன் கால், மூன்றில் ஒன்று இரண்டையும் கூட்டி 2/7 என்று போட்டிருந்தான். மேலே மேலே, கீழே கீழே. நானாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. நீ கோடு போடவில்லை. “சரி, இதே மாதிரி அரையையும் அரையையும் கூட்டு” என்றாய். 2/4 என்று எழுதினான். “சுருக்கு” என்றாய். அரை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான். “அரை ரொட்டியும் அரை ரொட்டியும் சேர்ந்தா அரை ரொட்டியாக்கா?” என்று அவனே சிரித்தான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் என் வகுப்பில் அதையே செய்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்தப் பையனை முந்தாநாள் பசாரில் பார்த்தேன். லாரிப் பட்டறை வைத்திருக்கிறான், தலையில் முடி கொட்டிவிட்டது. உன் விருதைப் பற்றிச் சொன்னேன். “அக்கா இன்னும் அந்த ரொட்டிக் கணக்கைத்தான் சொல்லித் தர்றாங்களா சார்?” என்றான். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பு. தம்பிக்கு அல்ல, எனக்கு. மாங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாள் அம்மா. அந்தக் குளிரில் எண்ணெய் உறையுமா என்று கேட்கிறாள்.

அப்பா