எரிகல் மழைக்கு ஃபிலிம் ரோல் வாங்க வர்றவங்களுக்கு

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 12, 13 பக்கம் பெர்சீட்ஸ் எரிகல் மழை, டிசம்பர் 13, 14 பக்கம் ஜெமினிட்ஸ் எரிகல் மழை, ரெண்டுக்கும் முந்தின வாரம் கடைக்கு வர்றவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "எத்தனை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைக்கணும்?" உண்மையைச் சொன்னா எரிகல்லுக்கும் அந்த நிமிஷக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லீங்க. பெர்சீட்ஸ் செகண்டுக்கு சுமார் 59 கிலோமீட்டர் வேகத்துல வருது, பத்து நிமிஷம் திறந்து வச்சாலும் அது எரியுறது பெரும்பாலும் ஒரு செகண்டுக்குள்ள, அதுலயும் ஃபிலிம்ல ஒரு புள்ளி மேல நிக்கிறது கண் சிமிட்டுற நேரம்கூட கிடையாது. கோடு பதியுமா இல்லையாங்கிறது லென்ஸ் வாயும் (வெளிச்சம் நுழையுற துவாரம்) ஃபிலிம் ஸ்பீடும் (வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம்) பாத்துக்கற விஷயம். ஜெமினிட்ஸ் 35 கிலோமீட்டர்தான், கொஞ்சம் நின்னு பதியும், முதல் தடவை எடுக்கறவங்களுக்கு எங்க ஓட்டு அதுக்குத்தான்.

அதனால 24 இல்ல 28 எம்எம் லென்ஸ், அதோட வாயை எஃப் 2.8க்கு மேல மூடாதீங்க (எஃப் எண் கூடக் கூட வாய் சின்னதாகும்), ஷார்ப்பா வரும்னு 5.6 வச்சா வெளிச்சம் கால்வாசிதான் உள்ள வரும். ஸ்பீடு 400க்கு கீழ இருக்கிற ரோல் வேணாம், 800 இருந்தா நல்லது.

நிமிஷம் எதுக்குன்னா வானம் வெளுக்காம இருக்க. நல்ல இருட்டுல 400 ரோலுக்கு பத்து நிமிஷம் போகலாம், ஊர் வெளிச்சம் தெரிஞ்சா ரெண்டு மூணோட நிறுத்திடுங்க. பெரிய எரிகல் ஒண்ணு ஃப்ரேமுக்குள்ள போச்சுன்னா உடனே ஷட்டரை மூடிட்டு அடுத்த ஃப்ரேமுக்குப் போயிடுங்க, மேல மேல திறந்து வச்சா கிடைச்ச கோடும் மங்கிடும்.

நாம மூடுற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கிற பல்ப் மோடுக்கு பழைய மெக்கானிக்கல் கேமராவும், கேமராவைத் தொடாம ஷட்டரை அமுக்குற, லாக் இருக்கிற கேபிள் ரிலீஸும் போதும், பேட்டரில ஓடுற ஷட்டர்னா ராத்திரி பாதில செத்துடலாம். அப்பப்ப லென்ஸ்ல டார்ச் அடிச்சு பனி படிஞ்சிருக்கான்னு பாருங்க.

கடைசியா ஒரு கெஞ்சல். முதல் ஃப்ரேம் பகல்லயே ஏதாவது எடுத்துடுங்க, ஒரு சுவரோ மரமோ. ராத்திரி நெகட்டிவ்ல ஃப்ரேம் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாது, போன சீசன்ல எங்க கடைப் பையன் நெகட்டிவை வெட்டறப்ப ஒரு வாடிக்கையாளரோட அருமையான எரிகல் கோட்டை நடுவுல வெட்டிட்டான், அவர் முகத்தைப் பாக்கவே முடியல எங்களால. ரோல் குடுக்கறப்ப கவர் மேல "வெட்டாதே"ன்னு பெருசா எழுதிக் குடுங்க.