பழுப்பு உறைகளை முதலில் அகற்றுங்கள்

மதுரையில் பழைய அச்சு நூல்களைக் காத்துவரும் நூலக, சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நூல்களை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று உங்களில் பலர் பேசிவருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் முடிந்த நூல் மீண்டும் எதற்குள் போகும்? அதே பழுப்பு உறைக்குள், அதே காக்கி அட்டைப் பெட்டிக்குள்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கம் கண்டபோது, கந்தல் துணியில் செய்த தாளின் காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. மரக்கூழில் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்த தாள் வந்துவிட்டது. மை ஊறாமல் இருக்கத்தான் அந்தப் படிகாரம். அதுவே காற்றின் ஈரத்தில் அமிலம் தந்து, தாளின் இழைகளைத் துண்டுதுண்டாக்குகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். சித்திரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமிலம் இருந்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. யாரோ என்றோ நூலுக்குள் செருகிய செய்தித்தாள் நறுக்கை எடுத்துப் பாருங்கள்: அதன் நீள அகலம் பிசகாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். அமிலமுள்ள மட்டமான பழுப்பு உறை இதையே முழு நூலுக்கும் செய்கிறது.

எனவே உறையும் பெட்டியும் அமிலமற்ற தாளில் வேண்டும். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நெடுங்காலம் நிலைக்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 என்ற சர்வதேசத் தரம் நூற்றுக்கு 2 பங்கு கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தைக் கேட்கிறது. வெளியிலிருந்து வரும் அமிலத்தை அது தின்றுவிடும். சரக்கு வந்ததும், தாளில் அமிலம் உண்டா என்று நிறத்தால் காட்டும் பி.எச். பேனாவால் ஒரு கோடு போடுங்கள்: ஊதா என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் என்றால் திருப்பி அனுப்புங்கள். கோட்டை உறையில் போடுங்கள், நூலில் வேண்டாம், அது அழியாது.

இந்த உறை பழைய தாளைக் குணப்படுத்தாது. உள்ளே ஊறிய அமிலத்தை நீக்குவது தனி வேலை, செலவும் அதிகம். உறையால் சிதைவைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். அதுவே பெரிது.

பைண்டிங்குக்கு அனுப்பும்போதும் கவனம் தேவை. மைதாப் பசையில் கலக்கும் மயில்துத்தம் பூச்சியைத் தடுக்கும். ஆனால் அதிலுள்ள தாமிரம் தாளை அரிக்கும். செலோடேப்பும் வேண்டாம். நகரின் ஒரு நூலகத்தில் அரிய நூலின் தலைப்புப் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாம்! அந்தப் பிளாஸ்டிக்கை இனி உரித்தால் அச்சும் சேர்ந்தே வரும்.

எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது. வேறெங்கும் படி இல்லாத நூல்களிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் வெளியிடும் ஆண்டு மலரில் நூலகங்களுக்குச் செல்லும் படிகளையாவது அமிலமற்ற தாளில் அச்சிடுங்கள்.

அன்புடன்,
மதுரை வாசகர் ஒருவர்